மலைமண்ணும் மகாவலி நீரும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“நிலைபேறான அபிவிருத்தி” என்னும் தொடர் இன்று எல்லோர் வாயிலும் வழங்குகின்றது. 1987ஆம் ஆண்டு புரூண்ட்லாண்ட் அம்மையாரின் ஆணைக்குழு அதற்கு உரைத்த பொருள் எளியது. இன்றைய தேவையை நிறைவேற்றும்பொழுது நாளை பிறப்போரின் தேவையைக் கெடுத்தலாகாது என்பதே அது. இதனை ஆராய நாம் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. கண்டியிலிருந்து கிழக்கே பஸ் ஏறினாற் போதும்.

தெல்தெனியா என்றொரு பழம் பட்டினம் அங்கே இருந்தது. 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர் அதனை மூடிற்று. 122 மீற்றர் உயரமான அவ்வணையினால் 210 மெகாவாற் மின்சாரம் பிறக்கின்றது. கீழ்நாட்டு வயல்கள் விளைகின்றன. இந்நன்மையை மறுப்பார் யார்? ஆனால் முப்பது ஆண்டுகளிற் செய்து முடிக்க 1968இல் வகுத்த மகாவலித் திட்டத்தை 1977இன் பின் ஆறே ஆண்டுகளில் முடிக்க முனைந்தார்கள். அந்த அவசரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்ந்தன. சிலர் திகனைப் பக்கம் குடியேறினர். சிலர் மகியங்கனைக்கு அப்பால் வெப்பநிலத்திற்குப் போயினர். குளிரிற் பிறந்த கிழவிக்கு அவ்வெயில் எப்படி இருந்திருக்கும்! கடும் வரட்சியில் நீர் வற்றும்பொழுது பழைய சுவர்களும் படிகளும் வெளியே தெரிகின்றன. படம் பிடிக்கப் போவோர் பலர். தம் வீட்டு அத்திவாரத்தைத் தேடிப் போவோரும் உளர்.

பொல்கொல்லையின் கதை வேறு. 1976 முதல் அங்கிருந்து ஆற்றுநீர் சுரங்க வழியாக உக்குவளைக்குத் திருப்பப்படுகின்றது. பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபொழுது அத்தேக்கத்தின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வண்டல் நிறைத்திருந்தது. அவ்வண்டல் எங்கிருந்து வந்தது? மேலேயுள்ள நம் மலைகளிலிருந்துதான்.

இங்கே நம்மவரின் சரித்திரமும் கலந்திருக்கின்றது. அதனை மறைத்துப் பேசுவது முறையன்று. கோப்பிக் காலத்தில் இம்மலைகளின் காட்டை வெட்டிச் சாய்த்த கைகள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்த நம் முன்னோரின் கைகள். இலாபம் அவர்களுடையதன்று, கூலி மட்டுமே அவர்களுடையது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பின்னர் மலையெல்லாம் தேயிலை. ஒரு புல்லும் இருத்தலாகாதென்று சுரண்டியாற் சுரண்டிய காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்தோடியது. 1951இல் மண்காப்புச் சட்டம் வந்தது. சட்டம் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்குமா? கான் வெட்டி, கல்லணை கட்டி, அவற்றை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். செலவைக் குறைக்க நினைப்போர் முதலிற் குறைப்பது அதைத்தான். இவ்வாறு சொன்னாற் சிலர் கோபிப்பர், கோபிக்கட்டும்.

2025 நவம்பரில் டித்வா புயலின் மழை பெய்தபொழுது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பலர் மாண்டனர். வானம் பெய்ததை நாம் தடுத்திருக்க முடியாது. ஆனால் சரிவான இடத்தில் லயம் இருப்பதும், பாதை போடுவதற்கென்று மலையின் அடியைக் குடைவதும் வானத்தின் செயலல்லவே. அபாயம் என்று அறிவித்தல் வரும். போவதற்குக் காணி இல்லாதவன் எங்கே போவான்? மரம் நடுவதைப் பற்றிப் பேசுவோர் இதனையும் பேச வேண்டும்.

நம் வீட்டு வாசலையும் பார்ப்போம். நகரத்துக் குப்பை பல்லாண்டுகளாகக் கொஹாகொடையில் ஆற்றங்கரையிற் குவிக்கப்பட்டது. அதன் கசிவு சேரும் நீரே பொல்கொல்லை வழியாக வரண்ட நாட்டிற்குப் போகின்றது. திருவிழா முடிந்த மறுநாட் காலை நம் கோயில் வீதியிற் கிடக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளும் அங்கேதான் போகின்றன. தண்ணீர்ப் பந்தல் வைத்த புண்ணியத்தில் இது எவ்வளவைக் கழிக்குமோ!

ஐப்பசி மழைக்கு முன்னர் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், லயங்களுக்கு மேலே தூர்ந்து கிடக்கும் கான்களை வெட்டித் துப்புரவாக்க எண்ணியுள்ளோம். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வழிகாட்டச் சம்மதித்திருக்கின்றார். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். இல்லாதவர்களுக்குச் சங்கம் கொடுக்கும். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு.