மூச்சு நிற்கும் முன்

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயமொன்றில் ஓர் இளைஞன் அளவு மீறிய போதையால் மூச்சடங்கிக் கிடக்கையில், பீர்மேடு தாலுக்கா மருத்துவமனைக்குச் செல்லும் மலைப்பாதை அவனுக்காகக் குறுகிவிடாது. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் மூளை சாகத் தொடங்கும். ஹெராயின் போன்ற அபின் வகை நஞ்சை முறிக்கும் நலாக்சோன் மருந்து, அருகிலிருப்போர் கைக்கு எட்ட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. எம்.டி.எம்.ஏ.வுக்கு அது பயன்படாது. அங்கே தேவை, விரைந்து தூக்கிச் செல்லும் கைகள்.

விமுக்தி இயக்கத்தின் பதாகைகள் வேண்டாமென்பதில்லை. ஆனால் லயத்துக் குடும்பஸ்ரீப் பெண்களுக்குத் தமிழில் முதலுதவிப் பயிற்சி, ஒரு மருந்துப் பெட்டி, இரவில் ஜீப் வாடகை ஆகியவற்றுக்கு ஊராட்சி ஒதுக்க வேண்டியது சிறு தொகையே. வழக்குக்கு அஞ்சி நண்பர்கள் ஓடிவிடாதிருக்க, உயிர் காக்க வருவோர்மீது நடவடிக்கை இராது என்ற உறுதியைக் காவல்துறை வெளிப்படையாகத் தர வேண்டும்.