பாறைமேல் ஒரு பாடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் 1983 முதல் 1986 வரை இங்கே தாவரவியல் படித்தவன். இன்று காலை வந்ததும் விடுதிக்குப் பின்னால் உள்ள பாறைக்குத்தான் முதலில் போனேன். ஏன் என்றால், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளணும். கடைசி வருடம், பெயர் எழுதுவதற்காக ஒரு இரும்புத் தகட்டை வைத்து அந்தப் பாறையில் ஒரு முழ அகலத்துக்குச் சுரண்டினேன். எங்கள் தாவரவியல் சார் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "என்னப்பா, உன் தாத்தா வயசுக்காரங்களையா சுரண்டுற?" என்று மட்டும் கேட்டார். தகட்டைக் கீழே போட்டேன்.

அவர் சொன்ன பெரியவர் லைக்கன். பாறைமேல் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளையாய், சாம்பலாய்த் திட்டுத் திட்டாய்த் தெரியுமே, அதுதான். அது ஒற்றை உயிர் அல்ல. ஒரு கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தரும். பாசி வெயிலைக் கொண்டு சமைத்துப் போடும். 1860-களில் சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது பல அறிஞர்கள் ஏற்கவில்லை. பிறகு அதுவே பாடமாயிற்று. செட்டிநாட்டுச் சமையலில் போடுகிற கல்பாசியும் லைக்கன்தான். அது மலைப்பக்கத்தில் வளர்வது.

இதற்கு வேர் கிடையாது. சித்திரை வெயிலில் அப்பளமாய்க் காய்ந்து கிடக்கும். செத்துப்போச்சு என்று நினைப்போம். ஒரு மழை விழட்டும், சில நிமிடங்களில் உயிர்த்துவிடும். 2005-இல் இருவகை லைக்கன்களை விண்வெளியில் சுமார் இரண்டு வாரம் திறந்து வைத்தார்கள், உயிரோடு திரும்பின!

ஆனால் வளர்ச்சி மட்டும் ரொம்ப மெதுவு. பாறையோடு ஒட்டி வாழும் வகைகளில் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. இன்று பார்த்தேன். நான் சுரண்டிய இடம் இன்னும் வழுக்கையாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் மூடியிருக்கிறது. சார் இன்று நம்மோடு இல்லை. அந்தத் தழும்பு இருக்கிறது.

அந்தப் பாறையைச் சுத்தம் செய்து, எல்லா வருட மாணவர்களின் பெயரையும் பெயிண்டில் எழுதலாம் என்று நம் சங்கத்தில் ஒரு யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணம்தான். பெயர்ப்பலகையை நுழைவாயிலில் வையுங்கள். செலவில் என் பங்கைத் தருகிறேன். பாறையை விட்டுவிடுங்கள். அங்கே நமக்கு முன்னாலேயே சேர்ந்த மாணவர்கள் இருக்கிறார்கள். இன்னும் படிப்பு முடியவில்லை.