பாறை எவர்க்குரியது?



நெல் விளையாத, உழுபடை புகாத, எவரும் கட்டியெழுப்பாத ஒரு பாறை எவர்க்குரியது? இவ் வினா எளியது போல் தோன்றும். ஆயினும் இதற்கு விடை பெற ஒரு நாட்டின் உழைக்கும் மக்கள் நூறாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. அந் நாடு அடிமை நாடன்று; உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தன் ஆட்சியில் வைத்திருந்த இங்கிலாந்து! உலகை ஆண்ட அந் நாட்டில், தன் ஊருக்கு அருகேயுள்ள பாறையில் கைவைத்து ஏற அந் நாட்டுத் தொழிலாளிக்கு உரிமையில்லாதிருந்தது. அவ்வுரிமை பறிபோன வகையும், மீண்ட வகையும், இன்று காக்கப்படும் வகையும் எண்ணத் தக்கன.

ஆலைநகரும் அருகிலுள்ள பாறையும்

இங்கிலாந்தின் நடுவே, இரும்புத் தொழிலுக்குப் பெயர்போன செபீல்டு நகருக்கும் பருத்தி ஆலைகள் நிறைந்த மாஞ்செசுட்டர் நகருக்கும் இடையில் 'பீக்கு' என்னும் மேட்டுநிலம் கிடக்கின்றது. அதன் கிழக்கு ஓரத்தில், ஏதர்சேசு என்னும் சிற்றூருக்கு மேலே, சுட்டானேசு விளிம்பு என்னும் பாறைச்சுவர் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்திற்கு நின்றிருக்கின்றது. உயரம் மிகுதியன்று, மிக உயர்ந்த இடத்திலும் ஏறத்தாழ 80 அடிதான். பரல்கள் இறுகிய சொரசொரப்பான மணற்பாறை. கையும் காலும் வழுக்காமற் பற்றும். முற்காலத்தே கல்தச்சர் இப் பாறையைக் கொத்தி ஆலைக் கற்கள் செய்தனர். விலைபோகாமல் விடப்பட்ட வட்டக் கற்கள் இன்றும் பாறையடியிற் புல் மூடிக் கிடக்கின்றன.

இப் பாறைச்சுவரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏறுவழிகள் உள்ளன. அதன் அடியிற் சிதறிக் கிடக்கும் குண்டுப் பாறைகளில் கயிறின்றி ஏறிப் பழகுவோரும் உளர். ஆல்ப்சு மலைக்குச் செல்லப் பொருள் வேண்டும், ஓய்வும் வேண்டும். செபீல்டு எஃகாலைத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. அவ் வொரு நாளில் நடந்தோ தொடர்வண்டியேறியோ சென்று திரும்பத்தக்க தொலைவில் இப் பாறை இருந்தது. ஆகவே, சுட்டானேசு போன்ற அண்மைப் பாறையை மூடுவது என்பது ஏழைக்கு மலையையே மூடுவதாகும்.

பறவைக்குத் தொட்டி, மாந்தனுக்குத் தடி

முன்னாளில் இம் மேட்டுநிலத்திற் பெரும்பகுதி ஊர்ப்பொதுவாக, மேய்ச்சற் புறம்போக்காக இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் இயற்றிய அடைப்புச் சட்டங்களால் அப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுப் பெருநிலக்கிழார் கைக்கு மாறின. வேலியிட்டவர் அங்கே உழவு செய்தாரா? இல்லை. காட்டுக்கோழி இனத்துப் பறவைகளை வளர்த்து, ஆகத்து மாதம் தொடங்கிச் சில கிழமைகள் சுட்டு மகிழ்ந்தனர். அவ் வேட்டைக்காக ஆண்டு முழுதும் நிலம் மூடப்பட்டது. காவலர் தடியோடும் நாயோடும் நிறுத்தப்பட்டனர்.

சுட்டானேசு விளிம்பின் உச்சியில் இன்றும் ஒரு காட்சி உண்டு. வேட்டைப் பறவைகள் நீர் அருந்துதற்கென்றே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலவுடைமையாளர் கல்தச்சரைக் கொண்டு பாறையிற் சிறு தொட்டிகள் குடைவித்தார். நூற்றுக்கு மேற்பட்ட அத் தொட்டிகளுக்கு வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டது! சுடப்படவிருந்த பறவைக்குப் பாறையில் இடமிருந்தது, தொழிலாளிக்கு இல்லை. ஏற வந்தவர் காவலர் கண்ணுக்குத் தப்பி ஏறினர். சிலர் காவலர் கையிற் காசு வைத்து ஏறினர்.

1932: கிண்டர் மேட்டில் நடந்தது

இதனை மாற்ற நாடாளுமன்ற வழி முதலில் முயலப்பட்டது. 1884இல் சேம்சு பிரைசு என்பார் மலைகளில் மக்கள் செல்லும் உரிமைக்கான சட்ட முன்வரைவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. அடுத்த ஐம்பதாண்டில் அத்தகைய முன்வரைவுகள் மீண்டும் மீண்டும் வந்து வீழ்ந்தன. நிலக்கிழார் நிறைந்த மன்றம் நிலக்கிழாரின் வேலியைப் பிடுங்குமா?

1900இல் செபீல்டில் சி. எச். பி. வார்டு என்னும் பொறித்தொழிலாளி, தொழிலாளருக்கென ஒரு நடைக்கழகம் தொடங்கினார். அடைக்கப்பட்ட பாதைகளின் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து ஆண்டுதோறும் கையேடு வெளியிட்டார். உரிமைப் போரில் முதற்படைக்கலம் சான்றே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1932 ஏப்பிரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பீக்கு நிலத்தின் மிக உயர்ந்த பகுதியாகிய கிண்டர் மேட்டை நோக்கி, ஏய்பீல்டு என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ 400 பேர் புறப்பட்டனர். பெரும்பாலோர் மாஞ்செசுட்டர் வட்டாரத்து இளந்தொழிலாளர். கைவிடப்பட்ட கற்குழியொன்றில் நின்று அவர்களிடையே உரையாற்றியவர் 20 அகவையினரான பென்னி உரோத்மன். மேலே காவலரோடு கைகலப்பு நேர்ந்தது. எனினும் கூட்டம் மேட்டை அடைந்து, செபீல்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களைக் கண்டு மகிழ்ந்து இறங்கியது. இறங்கிய இடத்தில் காவல்துறை காத்திருந்தது. அறுவர் பிடிக்கப்பட்டனர்.

பிறர் நிலத்தில் நடப்பது அந் நாட்டில் அன்று குற்றமன்று; உரிமை வழக்குக்கு மட்டுமே உரியது. ஆதலின் கலகம், தாக்குதல் என்னும் குற்றங்கள் சாட்டப்பட்டன. தெர்பி வழக்குமன்றத்தில் ஐவர்க்கு 2 முதல் 6 திங்கள் வரை சிறை. உரோத்மனுக்கு 4 திங்கள். நடைக்கழகத் தலைவர்கள் பலர் அந்நாளில் இப் போராட்டத்தை ஒப்பவில்லை என்பதும் வரலாறே. ஆனால் தீர்ப்பின் கொடுமை, அதுவரை வாளாவிருந்தவரையும் சினங்கொள்ளச் செய்தது.

வேலி அகன்ற வகை

1949இல் நாட்டுப் பூங்காச் சட்டம் வந்தது. 1951 ஏப்பிரலில் பீக்கு மேட்டுநிலம் பிரித்தானியாவின் முதல் நாட்டுப் பூங்காவாயிற்று. அதன் சின்னமோ, சுட்டானேசு அடியிற் கிடந்த அதே ஆலைக்கல்! 1971இல் சுட்டானேசு விளிம்பை உள்ளடக்கிய பண்ணையைப் பூங்கா ஆணையமே விலைக்கு வாங்கியது. கிண்டர் மேடு 1982இல் நாட்டு அறக்கட்டளையின் உடைமையாயிற்று. 2002இல், எழுபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், அன்றைய நிலவுடைமையாளரின் பெயரராகிய தேவன்சயர் கோமகன் எழுந்து நின்று, தம் பாட்டனார் செய்தது தவறு என வருந்தியுரைத்தார்.

பாறை திறந்ததால் விளைந்தது என்ன? மாஞ்செசுட்டரின் ஏழைப் பகுதியிற் பிறந்து, குழாய்ப் பணியாளராக உழைத்த சோ பிரவுன் என்பார் இப் பரற்பாறைகளிலேயே ஏறிப் பழகினார். 1955 மே 25இல் அவரும் சார்ச்சு பாண்டு என்பாரும் உலகின் மூன்றாம் உயர்ந்த மலையாகிய கஞ்சன்சங்காவை முதன்முதல் ஏறினர். சிக்கிம் மக்கள் அம் மலையைத் தெய்வமாகப் போற்றுவதால், கொடுமுடிக்குச் சில அடி கீழேயே நின்று, அதனை மிதியாமல் திரும்பினர். மாஞ்செசுட்டர்த் தொழிலாளிக்கு 80 அடிப் பாறை மூடியே கிடந்திருந்தால், 28,000 அடி மலை எவ்வாறு எட்டியிருக்கும்?

சட்டமும் அதன் எல்லையும்

2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுநிலம், புதர்நிலம், பதிவுற்ற பொதுநிலம் ஆகியவற்றை வரைபடத்திற் குறித்து, அங்கெல்லாம் மக்கள் கால்நடையாகச் செல்லவும் ஏறவும் உரிமை தந்தது. இயற்கையாயமைந்த பாறையில் விழுந்து ஊறுபட்டவர் அதற்காக நிலவுடைமையாளரிடம் இழப்பீடு கேட்க இயலாது என்றும் அச் சட்டம் வரையறுத்தது. 'விழுந்தால் வழக்கு வரும்' என்பதே பாறையை மூடுவோர் கூறும் முதற் கரணியமாதலின், ஏறுவோன் தன் இடரைத் தானே ஏற்பது அவன் உரிமைக்கே அரணாகின்றது.

ஆயினும் அச் சட்டம் திறந்துவிட்டது இங்கிலாந்து நிலப்பரப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கே. காட்டினுள் மறைந்த பாறையும், உழவு நிலத்தின் நடுவே எழுந்த பாறையும், பழைய கற்குழிகளும் பெரும்பாலும் உடைமையாளரின் இசைவிலேயே தொங்குகின்றன. அண்டையிலுள்ள சுகாட்லாந்தோ 2003இல், பொறுப்போடு ஒழுகும் எவர்க்கும் ஏறக்குறைய எல்லா நிலத்திலும் செல்லும் உரிமையை வழங்கிற்று.

பெற்ற உரிமையும் உறங்கினாற் போகும். தென்மேற்கிலுள்ள தார்ட்டுமூர் கருங்கல் மேட்டில், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மக்கள் இரவிற் கூடாரமிட்டுத் தங்கி வந்தனர். நிலவுடைமையாளர் தொடுத்த வழக்கில் 2023 சனவரியில் அவ் வுரிமை இல்லையெனத் தீர்ப்பாயிற்று. மக்கள் திரண்டனர். அதே ஆண்டு சூலையில் மேல்முறையீட்டு மன்றம் உரிமையை மீட்டளித்தது. 2025 மேயில் நாட்டின் தலைமை வழக்குமன்றம் அதனை உறுதி செய்தது.

காப்பவர் எவரோ, அவர்க்கே உரியது

இனி, உரிமை பெற்றவர் கடமை என்ன? மார்பில் வெண்பிறை கொண்ட கரும்பறவை ஒன்று சுட்டானேசுப் பாறை இடுக்குகளிற் கூடு கட்டுகின்றது. அதன் இனம் குறைந்து வருகின்றது. கூடுள்ள இடத்தைத் தொண்டர்கள் கண்டறிந்து அறிவிப்பு வைக்கின்றனர். குஞ்சு பறக்கும் வரை ஏறுவோர் அவ் வழிகளை விட்டு விலகுகின்றனர். காவலர் தடியால் விலகாதவர், ஒரு பறவைக்காகத் தாமே விலகுகின்றனர்!

அப் பாறையில் இரும்பாணி அறைதல் கூடாது என்பது அவர்தம் மரபு. தெற்கிலுள்ள மென்மணற் பாறைகள் மழையில் நனைந்தால் நொறுங்கும். கயிறு உராய்ந்தால் பள்ளம் விழும். ஆதலின் ஈரத்தில் ஏறாமையும், கயிறு பாறையில் உராயாவண்ணம் கட்டுதலும் அங்கே ஒழுங்காயின. 1944இல் தோன்றிய பிரித்தானிய மலையேற்றப் பேரவை, உடைமையாளரோடு பேசிப் பாதை பெறுவதோடு நில்லாமல், பேசித் தீராத இடத்திற் பொருள் திரட்டிச் சில பாறைகளை விலைக்கே வாங்கியுள்ளது. சுட்டானேசில் உழவர், ஏறுவோர், பறவை காப்போர், ஊரார் ஆகிய அனைவரும் ஒருங்கிருந்து பேசுதற்கு 2000இல் ஒரு மன்றம் அமைந்தது.

இளைஞர்களே! இவ் வரலாறு உணர்த்துவது ஒன்றே. பொதுநிலம் ஒரே நாளிற் பறிபோவதில்லை. முதலில் ஒற்றையடிப் பாதை அடைபடும், பின் ஓர் அறிவிப்புப் பலகை எழும், அதன்பின் வேலி, அதன்பின் பிறக்கும் தலைமுறைக்கு, அங்கே ஒருகால் வழி இருந்தது என்பதே தெரியாது. ஆகவே பாதை இருக்கும்போதே நடக்க வேண்டும். நடந்ததற்குச் சான்று வைக்க வேண்டும். குப்பையும் தீயும் அங்கு நேராமற் காக்க வேண்டும். அடைபட்ட அன்றே திரண்டு கேட்க வேண்டும்.

ஏய்பீல்டுக் கற்குழியில் அன்று நின்ற இளைஞரிடம் பொருளில்லை, பதவியில்லை, படையில்லை. கால்கள் இருந்தன, ஒற்றுமை இருந்தது. அவர் சிறை புகுந்த மேட்டில் இன்று எவரும் தடையின்றி ஏறுகின்றனர்.