வாயிலில் வாழும் உயிர்



புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலை அறியாதார் இரார். அதன் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மலர் கொய்யும் ஆடவரோடு யானையும் எருமையும் அன்னமும் மீனும் அந்நீரில் அச்சமின்றி விளங்குகின்றன. இது சமவசரணத்தின் ஒரு பகுதி என்பர் ஆய்வாளர். சமவசரணத்தின் பன்னிரு சபைகளுள் ஒன்று விலங்குகளுக்கு உரியது. இறைவன் அவையில் இடம்பெற்ற அவ்வுயிர்களுக்கு இல்லறத்தான் தன் வாயிலில் தரும் இடம் எத்தகையது?

வீட்டில் வளர்ந்த உயிர்களை நினைவுகூரும் முதியோர் பலர் முதலில் சொல்வது ஒரு பெரிய நாயைப் பற்றியே. அது இரவெல்லாம் திண்ணையருகே விழித்திருக்கும்; குழந்தை வாலைப் பற்றி இழுத்தாலும் சினவாது; தலைவன் வெளியூர் சென்றால் உணவைத் தொடாது. தமிழகம் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என நல்லின நாய்களை வளர்த்த நாடு. இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலையும் வெளியாயிற்று. பழந்தமிழர் தந்த சிறப்போ அதனினும் பெரிது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காத்து உயிர்நீத்த வீரனுடன், கள்ளரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது.

நாய் மனமுடைய ஐம்பொறி உயிர். அறத்தால் நாயும் தேவனாகும், பாவத்தால் தேவனும் நாயாவான் என்பது சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் உரைத்த உண்மை. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி இதனைக் கதையாகவே காட்டுகிறது. உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு வீழ்ந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது; பின்னர்ச் சீவகன் கொலைக்களம் செல்ல நேர்ந்தபோது வந்து மீட்டது. நன்றி, பிறவி கடந்தும் தொடர்ந்தது.

எனினும், கொன்று தின்னும் இயல்புடைய உயிர்களை வளர்த்தலை அநர்த்த தண்டம் என்று விலக்கும் அறநூலாரும் உளர். ஆதலின் நாய் வளர்ப்போரின் பொறுப்பு சிறிதன்று. அது பிற உயிரைத் துன்புறுத்தாது பழக்குதல் முதற்கடன். அடுத்து, கொல்லாமை அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். நாள் முழுதும் சங்கிலியில் பிணித்தலும், அழகுக்கென்று வாலையும் காதையும் நறுக்குதலும், வீட்டைப் பூட்டிவிட்டு நீரும் வையாது ஊர் செல்லுதலும் இவற்றுள் அடங்காவோ? நாள்தோறும் வணங்கும் கையே இவற்றைச் செய்யின் விரதம் எங்ஙனம் நிற்கும்?

எல்லாவற்றினும் கொடிது, முதுமையுற்ற நாயை ஊர்ப்புறத்தே விட்டுவருதல். பத்தாண்டுகள் வாயில் காத்த உயிர் அறியாத சாலையில் தன் வீட்டாரையே எதிர்நோக்கி நிற்கும். அதற்கு வேண்டுவன நிழல், நீர், மென்சோறு, அருகிருக்கும் ஒருவர், இவ்வளவே. இறுதி நேரத்தில் அதன் செவியருகே ஐம்பதங்களை அமைதியாக ஓதுதல் எவ்வில்லத்தார்க்கும் இயலும். சீவகன் செய்தது அரசர்க்கு மட்டுமே உரிய அறம் அன்று.

எவ்வுயிரும் இன்புறுக! அறம் வளர்க!