யார் செய்த பாவம்?



வெயிலில் சற்று நேரம் நின்றாலே நம் தோல் செல்களில் உள்ள டி.என்.ஏ. காயப்படுகிறது. புற ஊதாக் கதிர் பட்டதும், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இழை அவ்விடத்தில் கோணிப்போகிறது. சில புரதங்கள் அந்தக் கோணலைக் கண்டுகொள்கின்றன. வேறு சில, பழுதின் இருபுறமும் வெட்டி, ஏறத்தாழ 30 எழுத்துகள் கொண்ட துண்டை அகற்றுகின்றன. பிறகு எதிர் இழையைப் பார்த்தே இடைவெளி நிரப்பப்படுகிறது. பழுதான இழை தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. சரியான எழுத்தைக் காத்து வைத்திருப்பது எதிரே நிற்கும் துணை இழைதான். இதை விளக்கிய அசீஸ் சஞ்சார், வேறு இருவரோடு 2015இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தப் பழுதுபார்ப்பு பிறவியிலேயே குறைபட்ட பிள்ளைகளும் உண்டு. நோயின் பெயர் சீரோடெர்மா பிக்மென்டோசம். சிறு வயதிலேயே முகமெல்லாம் புள்ளி விழும். 10 வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரக்கூடும். பகல் முழுவதும் சன்னலைத் திரையிட்டு மூடிக் காக்கிறார்கள் பெற்றோர்.

அந்தப் பிள்ளையைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? “யார் செய்த பாவமோ!” யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்களும் இதையேதான் கேட்டார்கள். இயேசு அதை மறுத்தார்; மறுத்ததோடு நிற்காமல், சேறு குழைத்து அவர் கண்களில் பூசினார். தாயும் தந்தையும் தமக்கே தெரியாமல் ஆளுக்கொரு பழுதான மரபணுவைச் சுமந்தார்கள், அவ்வளவுதான். (நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்போருக்கு இந்த வாய்ப்பு கூடுதல், முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.)

ஞாயிறு காலைத் திருப்பலிக்கு அந்தப் பிள்ளை வருவது கடினம். பொழுது சாய்ந்தபின் நாம் அவர்கள் வீட்டுக்குப் போகலாம்.