கடைமாணாக்கர்

பவணந்தியார் மாணாக்கரை முத்திறப்படுத்தியதை அவையோர் அறிவர். அன்னமும் ஆவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை. மடியர், சினத்தர், தருக்கர் போன்றோர்க்கு நூல் உரைத்தலையே விலக்கினார். இப்பகுப்பு மாணாக்கரின் இயல்பை மட்டும் நோக்குவது; அவ்வியல்பு ஆசிரியர் நெஞ்சில் விளைப்பதை நோக்குவதன்று.

1993இல் எல்லன் ஸ்கின்னர், மைக்கேல் பெல்மான்ட் என்னும் அமெரிக்க உளவியலார் வெளியிட்ட ஆய்வு அதை நோக்கிற்று. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை பயின்ற 144 சிறார். ஆசிரியர் 14 பேர். இலையுதிர் காலத்தில் ஊன்றிப் பயின்ற பிள்ளைகளுக்கே இளவேனிலில் ஆசிரியரின் பரிவும் நெறிகாட்டலும் மிகுதியாகக் கிட்டின. ஒதுங்கியிருந்த பிள்ளைகள் பெற்றதோ, எஞ்சிய ஊக்கத்தையும் கெடுக்கும் நடத்தை. ஆசிரியர் கொடியரல்லர், மலர்ந்த முகத்தின்பால் திரும்புவது மனித இயல்பு. ஆயினும், ஓட்டைக்குடம் என ஒதுக்கப்பட்டோருள் எத்தனை பேர் ஓட்டையோடு வந்தனர், எத்தனை பேர் வகுப்பறையில் உடைந்தனர்?