ஆளுக்கொரு டைல்ஸ்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. அதனால் எழுதி வைத்துப் படிக்கிறேன்.

நம் கூட்டமைப்புக் கட்டடத்தின் முன் சுவரில் ஆளுக்கொரு பீங்கான் டைல்ஸ் செய்து ஒட்டிக்கொண்டு வருகிறோம். இரண்டு வரிசை முடிந்திருக்கிறது. "இதுல என்ன வருமானம்? ஒரு மாடு வாங்கினாலும் பால் கறக்கும்" என்று சில பேர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத்தான் பேச வந்தேன்.

சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் என்பவர் குரோஷா பின்னல் தெரிந்த பெண்களைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார். 'மதர் இந்தியா குரோஷே குயின்ஸ்' என்று பெயர். அவரவர் வீட்டில் உட்கார்ந்து சதுரம் சதுரமாகப் பின்னி, அத்தனையையும் சேர்த்து ஒரே போர்வை ஆக்கினார்கள். 2016 ஜனவரி 31 அன்று கின்னஸ் சாதனையில் ஏறிய அளவு 11,148.5 சதுர மீட்டர். நம்ம கணக்குக்கு இரண்டே முக்கால் ஏக்கர்! ஒரு துண்டைத் தனியாக எடுத்தால் கைக்குழந்தையைப் போர்த்தத்தான் காணும்.

நம்முடையது பீங்கான் ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2014-ல் லண்டன் டவர் கோட்டை அகழியில், முதல் உலகப் போரில் செத்த பிரிட்டிஷ், அதன் காலனி நாட்டுப் படைவீரர் ஒருத்தருக்கு ஒன்று என்ற கணக்கில் 8,88,246 சிவப்புப் பீங்கான் பூக்களை ஊன்றினார்கள். பால் கம்மின்ஸ் என்ற பீங்கான் கலைஞரின் யோசனை. ஜூலையில் முதல் பூ, நவம்பர் 11-ல் கடைசிப் பூ. ஊன்றியது சம்பளம் வாங்காத பொதுஜனங்கள். எல்லாம் முடித்துவிட்டுத் திறப்பு விழா வைக்காமல், பார்க்க வந்தவர்கள் கண் முன்னாலேயே வளர விட்டார்கள் பாருங்கள், எனக்கு அது பிடித்தது. ஒரு பூ 25 பவுண்டு என்று விற்றார்கள். பீங்கானுக்கு விலை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அவ்வளவு தூரம் போவானேன். அய்யனார் கோயில்களில் வேண்டுதல்காரர்கள் மண்குதிரை கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் வரிசை நீளுகிறது. எந்தக் குதிரை எந்தக் குயவர் கையால் ஆனது என்று மட்டும் தெரியாது.

நமக்கும் அதே கதைதான். பொம்மை வேலைக்குப் போகிறவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! அச்சில் மண் கரைசலை ஊற்றுகிறோம், காய்ந்ததும் விளிம்பைச் சுரண்டுகிறோம், கண்ணு மூக்கு எழுதுகிறோம். அது எந்த ஊர்க் கொலுவில் போய் நிற்கிறதோ, செய்தவள் பேர் அதில் இல்லை. அதனால்தான் டைல்ஸின் பின்பக்கம் பேர் போடலாம் என்று சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுவரில் ஒட்டினபிறகு பின்பக்கத்தை யார் பார்ப்பது? முன்னாலேயே போடணும் என்று தீர்மான நோட்டில் எழுதியாயிற்று.

எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா. குழுவில் சேரும்போது கைநாட்டு, கையெழுத்து இங்கே வந்து கற்றுக்கொண்டது. மற்றவர்கள் மயில், கோலம், முந்திரிப் பழம் என்று போட, அவர் ஈர மண்ணில் ஈர்க்குச்சியால் தன் பேரை மட்டும் எழுதினார். ஒரு எழுத்து சாய்ந்திருந்தது. "அழிச்சு நேராப் போடட்டுமா பெரியம்மா?" என்றேன். "தொடாத! பேங்குல இந்தக் கையெழுத்துக்குத்தான் பணம் தர்றான்" என்றார். முதல் வரிசையில் மூன்றாவது அதுதான், போகும்போது பாருங்கள்.

இனி செய்யப் போகிறவர்களுக்கு. மண்ணை நன்றாகப் பிசையணும். உள்ளே ஈரம் நின்றால் சூளையில் வெடிக்கும், பக்கத்தில் இருப்பவள் டைல்ஸும் சேர்ந்து போகும். வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் வளைந்துவிடும், நிழல்தான் சரி. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். அதனால் எல்லோருக்கும் ஒரே மண், ஒரே சட்டம். பூசும்போது நிறம் வெளுப்பாகத் தெரியும், பயப்படாதீர்கள், வெந்தபிறகுதான் நிஜ நிறம்.

வருமானம் கேட்டவர்களுக்கு ஒன்று. இது நம் சுவர், கூலி கேட்க மாட்டோம. நாளைக்கு யாராவது வந்து "எங்க சுவத்துக்கும் இதேபோல செஞ்சு குடுங்க, உங்களுக்குப் பேரு கிடைக்கும்" என்றால் முதலில் ரேட்டு பேசுங்கள். மண்ணு, சூளை, நம்ம நேரம் எல்லாத்துக்கும் காசு உண்டு.

மூன்றாவது வரிசையில் இன்னும் பாதி காலி. அதற்கு மேலே இரண்டு வரிசையை, இனிமேல் ஆரம்பிக்கப் போகிற குழுக்களுக்கு என்று பூசாமல் விட்டிருக்கிறோம். மண் பிசைந்து ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறது. இந்த மாசச் சந்தா கட்ட வரும்போது அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.